காலி எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 36. பி.காம். படித்திருக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. மாங்கூழ் ஆலை ஒன்றில் எடை மேடைக் கவுன்டரில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். என் பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம்.

சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தர்மபுரியில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெங்களூரா மாங்காய் வரத் தொடங்கியதும் டிராக்டரும் பிக்கப்பும் குட்டி யானையுமாக ரோடு வரைக்கும் வரிசை நிற்கும். லோடோடு மேடை ஏறும்போது ஒரு எடை போடுவோம். காயை இறக்கிவிட்டு வெளியே போகும்போது காலி வண்டியை இன்னொரு முறை போடுவோம். முதல் எடையில் இருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் விவசாயிக்குக் காசு. சில இரவுகளில் நூறு வண்டிக்கு மேல்கூடப் போகும். இரவு ஷிஃப்டில் கவுன்டரில் நான் ஒருத்திதான்.

போன மாதம் ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். ஒரே மாதிரி இரண்டு பிக்கப் வந்தன. ஒன்றின் நம்பர் 78-இல் முடியும், இன்னொன்று 87-இல். இரண்டின் காலி எடையையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஒன்று 1,720 கிலோ, மற்றது 2,030. அதில் 87 வண்டிக்காரருக்கு 310 கிலோ குறைந்துபோய்விட்டது. அவர் சீட்டைப் பார்த்ததும் கேட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். இன்னொரு வண்டியும் வெளியே போயிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் இரண்டு சீட்டையும் ரத்து செய்து புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். யாருக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "கூட்டிக் கழிக்கத் தெரியாத ஆளையெல்லாம் உட்கார வெச்சா இப்படித்தான்" என்றார்.

அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரு வார்த்தை ஓடிக்கொண்டே இருக்கிறது. மண்டு. "மண்டு, உனக்கு எதுக்கு இந்த வேலை. மண்டு, இன்னொரு தடவை பாரு." அது என் அப்பா சொல்லும் வார்த்தை. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. கெட்டவர் இல்லை, அம்மா. என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது தப்பினால் தலையில் ஒரு குட்டு வைத்து "மண்டு" என்பார், அவ்வளவுதான். இத்தனை வருடம் அது நினைவில்கூட இல்லை.

இப்போது ஒவ்வொரு சீட்டையும் மூன்று முறை பார்க்கிறேன். அதனால் வரிசை நீளுகிறது, டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், எனக்குக் கை நடுங்குகிறது. போன வாரம் ஒரு டோக்கனை எங்கே வைத்தேன் என்றே தெரியாமல் பத்து நிமிடம் தேடினேன். மேசைக்கு முன்னால்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் வருவதில்லை. வீட்டுக்காரர் மதுரைப் பக்கம் லோடு ஏற்றிப் போகும் நாளில், தொப்பூர் கணவாயைத் தாண்டிவிட்டேன் என்று மெசேஜ் வரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மெசேஜ் வந்த பிறகும் அடித்துக்கொள்கிறது, அதுதான் புரியவில்லை.

யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று, காலையில் கண்ணாடி முன்னால் நின்று "நான் திறமைசாலி, என்னால் எல்லாம் முடியும்" என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அழுகைதான் வந்தது. நினைக்கவே கூடாது என்று தள்ளிப் பார்த்தேன். இன்னும் அதிகமாக வருகிறது. பகல் ஷிஃப்டில் பர்கூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் தினமும் ஏதாவது தப்பு செய்கிறாள். நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவளே நன்றாகத் தேறிவிடுவாள் போலிருக்கிறது. எனக்குத்தான் இப்படி.

இதை எழுத வைத்தது என் மகள். நேற்று முன்தினம் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பேப்பர் கிழிகிற அளவுக்கு ரப்பரால் தேய்த்துக்கொண்டே, "மண்டு, மண்டு, இதுகூடத் தெரியல" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையைச் சொல்லி அவளை நான் திட்டியதே இல்லை. "யாரு பாப்பா உன்ன மண்டுன்னு சொன்னது?" என்று கேட்டேன். "நீதானேம்மா தினமும் சொல்ற, உன்னையே நீ" என்றாள்.

நான் வாய்விட்டுச் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது, அம்மா. இதை எப்படி நிறுத்துவது? எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்

அன்புத் தங்கைக்கு,

பாப்பா சொன்ன அந்த வரியில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலை அந்தக் குழந்தை சொல்லிவிட்டாள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சின்னக் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும்போது பார்த்திருப்பீர்கள். "இத இங்க வைக்கணும், அய்யோ சூடு, தொடக் கூடாது" என்று தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்ளும். பெரியவர்கள் தன்னிடம் சொன்னதைத்தான் குழந்தை தன்னிடமே திருப்பிச் சொல்கிறது. லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வளர வளர அந்தப் பேச்சின் சத்தம் குறைகிறது, முணுமுணுப்பாகிறது, கடைசியில் உள்ளே போய்விடுகிறது. நாம் மனதுக்குள் பேசிக்கொள்கிறோமே, அது இப்படி வெளியிலிருந்து உள்ளே போன பேச்சு என்பது அவர் கண்டது.

உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் இதுதான். அப்பா வாய்ப்பாடு கேட்கும்போது சொன்ன வார்த்தை உங்களுக்குள் போய்ப் பல வருடம் சும்மா கிடந்தது. நூறு பேர் முன்னால் சூப்பர்வைசர் கணக்கைச் சொல்லி அவமானப்படுத்தியபோது எழுந்து வந்துவிட்டது. களைப்பில் உங்களை அறியாமலே வாய்விட்டு வந்தது. பாப்பா காதில் விழுந்தது. இதற்காக அப்பா மேல் கோபப்பட வேண்டாம். அவரைக் கெட்டவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் அந்த வார்த்தையை யாரோ கொடுத்திருப்பார்கள். மகள் தப்பு செய்யாமல் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார், அதைச் சொல்ல அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தை. ஆனால் அது வந்து சேர்ந்த வார்த்தை, உங்களோடு பிறந்தது இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தக் குரல் தன்னைக் காவல்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. திட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் இன்னொரு தப்பு செய்யமாட்டீர்கள் என்பது அதன் நம்பிக்கை. என்னிடம் வருகிற பலருக்கு இதை விடுவதுதான் பெரிய பயம்: "என்னை நானே திட்டாவிட்டால் மெத்தனமாகிவிடுவேன்" என்பார்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. திட்ட ஆரம்பித்த பிறகு மூன்று முறை பார்க்கிறீர்கள், கை நடுங்குகிறது, கண் முன்னால் இருந்த டோக்கன் தெரியவில்லை. ஒரே நேரத்தில் நம் மனம் தாங்கிப் பிடிக்கக்கூடிய சங்கதிகள் கொஞ்சம்தான். வண்டி நம்பர், டோக்கன், எடை என்று மூன்று விஷயம் அங்கே இருக்க வேண்டிய நேரத்தில் "மண்டு" வந்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது காவல் காக்கவில்லை, தங்கையே. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தது பலிக்கவில்லை என்பதற்காக உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் 2009-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்களைப் போலவே தாழ்வாக நினைத்தும் அதைச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாக இருந்தது. ஏன் என்று யோசித்தால் புரியும். நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, உள்ளே இருக்கும் குரல் ஒவ்வொரு முறையும் எழுந்து எதிர்வாதம் செய்கிறது. தள்ளிப் பார்த்ததும் அப்படித்தான். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் தன் ஆய்வுக்கு வந்தவர்களிடம், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கக் கூடாது என்று காவல் போட்டால், வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே மனம் அதைத் தேடிப் போகிறது.

அப்படியானால் என்ன செய்வது? உங்களுக்கு எடை போடத் தெரியும். அதையே செய்யுங்கள்.

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் தன்னிடம் வந்தவர்களைக் கவனித்தபோது ஒன்றைப் பார்த்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு எண்ண ஓட்டம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிடாமல் வரும், சட்டென்று வரும், சரியா தப்பா என்று யாரும் பார்க்காமலே உள்ளே ஏறிவிடும். தானாக வரும் எண்ணங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். அவற்றைப் பிடித்து நிறுத்தி, உண்மையோடு ஒட்டிப் பார்ப்பதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் உயிர். இன்று உலகமெங்கும் மன உளைச்சலுக்கும் பதற்றத்துக்கும் அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் கவுன்டரில் ஒரு வண்டி மேடை ஏறினால், காட்டும் எடை முழுவதையும் மாங்காய் என்று எழுத மாட்டீர்கள். வண்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவீர்கள். எண்ணமும் அப்படி ஒரு வண்டியில்தான் வருகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். லோடு, காலி, நிகரம் (கழித்த பிறகு மிஞ்சுவது) என்று மூன்று இடம் பிரித்துக்கொள்ளுங்கள். மனம் சொல்வதைச் சொன்னபடியே லோடில் எழுதுங்கள், ஒன்றையும் மெருகேற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருந்து நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன்.

லோடு: "காலி எடையை மாத்திப் போட்டேன். நான் மண்டு. எனக்குக் கணக்கே வராது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. சீசன் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இப்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மண்டு என்பது நடந்த ஒன்றா, ஒரு பட்டமா? பட்டம். காலியில் போடுங்கள். கணக்கே வராது என்பது? ஆறு வருடமாக இரவு இரவாக வண்டிகளுக்குச் சீட்டு போட்டவர் நீங்கள். அதுவும் காலியில். எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றால் யார், பெயர் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் காலியில். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாராவது சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, பயத்தில் இருந்து நானாகத்தான் ஊகித்துச் சேர்த்தேன். உங்களுக்கு அது வராவிட்டால் நல்லது.

மீதி என்ன இருக்கிறது? "ராத்திரி இரண்டரை மணிக்கு, ஒரே மாதிரி இரண்டு வண்டி சேர்ந்து வந்தபோது, காலி எடையை மாற்றிப் போட்டேன். கால் மணி நேரத்தில் சரி செய்தேன். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியது வலித்தது." இதுதான் நிகரம். தப்பையும் வலியையும் அதில் விட்டுவைத்திருக்கிறேன், பாருங்கள். காலி எடையைக் கழிக்கிற வேகத்தில் காயையும் சேர்த்துக் கழித்துவிடக் கூடாது. தப்பு நடந்தது, வலித்தது, இரண்டும் உண்மை. உங்களை நசுக்கியது அந்த இரண்டின் எடை மட்டும் இல்லை, அவை ஏறி வந்த வண்டியின் எடையும்தான்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது எழுதினாலும் சரி. மனதிலேயே செய்துவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். மனதுக்குள் சுற்றும்போது ஒரே எண்ணம் பத்து வேஷத்தில் வரும், பேப்பரில் ஒரு முறைதான் நிற்கும். இன்னொன்றையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் நிகரத்தில் எழுதுவது பொய் போலவும், லோடில் இருப்பதுதான் நிஜம் போலவும் தோன்றும். பழகிய பாதையில் கால் தானாகப் போவது போலத்தான் அது. தோன்றினாலும் எழுதுங்கள்.

நோட்டை எடுக்க முடியாத நேரம் உண்டு. ஹாரன் அடிக்கிறது, வரிசை நிற்கிறது, குரல் ஆரம்பிக்கிறது. அப்போது உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே பேசுங்கள். "எனக்கு என்ன ஆச்சு" என்று கேட்காமல், பெயரைச் சொல்லி, "ஒரு வண்டி முடி, அப்புறம் அடுத்தது" என்று சொல்லுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், அதிக அவகாசம் தராமல் ஆட்களை மற்றவர்கள் முன்னால் பேச வைத்தார்கள். முன்னதாகத் தன்னை "நான்" என்று நினைத்துத் தயாரானவர்களைவிட, தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேசிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள், பிறகு அவமானமாக உணர்ந்ததும் குறைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நாம் ஓர் அடி தள்ளி நின்று, வேறொருவருக்கு யோசனை சொல்வது போல நமக்குச் சொல்ல ஆரம்பிக்கிறோம்.

அந்த யோசனையை எந்தத் தொனியில் சொல்வது என்று நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பர்கூர்ப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். தினமும் தப்பு செய்கிற அவளிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மண்டு என்று சொல்லியிருந்தால் அவள் தேறியிருக்க மாட்டாள். "பரவாயில்ல, சீட்ட ரத்து பண்ணிட்டு புதுசு போடு, அடுத்த தடவை நம்பர முழுசா படி" என்று ஏதோ சொல்லியிருப்பீர்கள். தப்பை மறைக்காத பேச்சு அது, ஆளையும் உடைக்காது. அப்படிப் பேசத் தெரிந்த ஒருத்தி உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறாள். இரவு ஷிஃப்டில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு சொன்னதால் எல்லாம் உங்கள் மனதில்தான் இருக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அதில் உறுதியான கருத்து உண்டு. எண்ணத்தை மாற்றச் சொல்கிறவர்கள் பல நேரம் நிலைமையை மாற்ற வேண்டிய பொறுப்பை மறந்துவிடுகிறார்கள். நடு ராத்திரியில், ஒரே ஆள், நூறு வண்டி என்றால் யாருக்கும் 78-ம் 87-ம் கலக்கும். எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது சூப்பர்வைசரின் தவறு, அது உங்கள் நோட்டில் தீரும் விஷயம் இல்லை. அவர் பதற்றமில்லாமல் இருக்கும் ஒரு பகல் பொழுதில் போய்ச் சொல்லுங்கள்: "சார், அன்னிக்கு நடந்தது என் தப்புதான். மறுபடி நடக்காம இருக்க ரெண்டு விஷயம் வேணும். வண்டி வெளிய போகும்போது டிரைவர் நம்பரைச் சத்தமா சொல்லட்டும், நான் திருப்பிச் சொல்றேன். கூட்டம் அதிகமா இருக்கிற ராத்திரியில கூட ஒரு ஆள் கொடுங்க. அப்புறம், தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க சார்." போவதற்கு முன் கணவரிடமோ அந்தப் பெண்ணிடமோ இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டிரைவரை நம்பர் சொல்லச் சொல்வதற்கு மட்டும் யார் அனுமதியும் தேவைப்படாது, இன்றைக்கே தொடங்கிவிடலாம். சத்தமாகச் சொல்லி ஒரு முறை சரிபார்த்த சீட்டை இரண்டாம் முறை பார்க்க வேண்டாம். பதற்றத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்காது, வளர்க்கும்.

தொப்பூர் விஷயம் வேறு. "மண்டு" ஒரு பட்டம், தொப்பூர் பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கிறது. அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று தர்மபுரிக்காரியான எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கவலையைப் பொய் என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். அதில் செய்யக்கூடியது எது என்று மட்டும் பிரித்தெடுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா, பிரேக்கைக் கிளம்பும் முன் பார்க்கிறாரா, தூக்கம் வந்தால் ஓரம் கட்டுகிறாரா என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். கணவாய் இறங்கியதும் எங்காவது டீக்கு நிறுத்தி மெசேஜ் போடட்டும், ஓட்டிக்கொண்டே போட வேண்டாம். மீதிக் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஆறரையில் இருந்து ஆறே முக்கால்வரை, ஒரே இடத்தில் உட்கார்ந்து, கவலைப்பட வேண்டியதையெல்லாம் எழுதுங்கள். ராத்திரி வந்து கதவைத் தட்டினால், "நாளைக்கு ஆறரைக்கு வா" என்று சொல்லிவிடுங்கள். கவலையே கூடாது என்று தடுத்தால் திமிறும். நேரம் கொடுத்து ஒத்திப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். இது பல வருடமாக உளவியல் சிகிச்சையில் பயன்படும் முறைதான்.

மெசேஜ் வந்த பிறகும் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. செய்தி வந்த நொடியில் அவை காணாமல் போய்விடாது, அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். இதயத் துடிப்பு தணிய அது உதவும். ஷிஃப்டில் எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ராத்திரி வேலை என்றால் ஐந்தாறு இருக்கும் என்று நினைக்கிறேன். ஷிஃப்டின் முதல் பாதியோடு டீயை நிறுத்திப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் தைராய்டு கோளாறாலும் வரலாம். ரத்த சோகையும் படபடப்பைக் கொண்டுவரும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அங்கேயே மனநலப் பிரிவிலும் ஒரு முறை பேசிவிட்டு வாருங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றால் கட்டாயம் போக வேண்டும். ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி நினைப்பு எப்போதாவது வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த நிமிடமே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது சொல்லுங்கள்.

இனி பாப்பாவிடம் வருவோம். அவளிடம் "அந்த வார்த்தையைச் சொல்லாதே" என்று சொல்ல வேண்டாம். வெள்ளைக் கரடி கதைதான் ஆகும். இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா என்னையே அப்படிச் சொல்லிக்கிறது தப்பு பாப்பா. தாத்தா சொன்னது, ஒட்டிக்கிச்சு. இப்ப மாத்திக்கப் பழகறேன். மறந்து சொன்னா நீ எனக்கு ஞாபகப்படுத்து" என்று சொல்லுங்கள். அவள் அதைச் சந்தோஷமாகச் செய்வாள். அவள் ஞாபகப்படுத்தும்போது கோபப்படாமல் நன்றி சொல்லுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வாரத்தில் இரண்டு நாளாவது அவள் கணக்கு போடும்போது நீங்களும் வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருங்கள். சத்தமாகப் போடுங்கள். கூட்டலில் தப்பு வரும், எல்லோருக்கும் வரும். வந்ததும், "அடடா, இங்க மூணு மிச்சம் வெச்சிருக்கணும், விட்டுட்டேன். அழிச்சிட்டு மறுபடி போடறேன்" என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். மண்டு எந்த வழியில் அவளுக்குள் போனதோ, இதுவும் அந்த வழியிலேயே போகும்.

சீசன் முடிந்ததும் எழுதுங்கள். நோட்டில் இருந்து ஒரு பக்கத்தையும் அனுப்பி வையுங்கள், எந்தப் பக்கமானாலும் சரி. பாப்பா பின்னக் கணக்கு எப்படிப் போடுகிறாள் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தர்மபுரியில் இருந்து உங்கள் ஆலோசகர்